கண்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகுமுன்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பதினாறு வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். இதுவரை ஒன்பது தடவை பிள்ளைகளைக் கண்டிக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். முதல் தடவை சரியாக அமையவில்லை. பின்னவல யானைகள், பேராதனைப் பூங்கா, பல்கலைக்கழகம், புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை, பகிரவகந்த புத்தர் சிலை என்று ஒரே நாளில் ஐந்து இடம் போட்டிருந்தோம். யானைகளை இருபது நிமிடம் பார்த்தோம். பூங்காவுக்குள் காலை வைக்கும்போதே மணி நாலு தாண்டிவிட்டது. மற்றதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். மறுநாள் வகுப்பில், பார்த்ததை எழுதுங்கள் என்றேன். முப்பத்தெட்டுப் பேரில் பாதிக்கு மேல் எழுதியது ஐஸ்கிரீமும் பஸ்ஸில் போட்ட பாட்டும்தான். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நின்று பார்க்க நாங்கள் அவர்களுக்கு நேரமே கொடுக்கவில்லை.

அதிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று இடம், அதற்கு மேல் இல்லை. அந்த மூன்றையும் ஒரே கதை கட்டிப்போட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற தேயிலைச் செடி எங்கிருந்து வந்தது, அதோடு நாம் எப்படி வந்தோம் என்பதுதான் கதை. கண்டியையும் அதைச் சுற்றியும் இதற்கான விடைகள் இருக்கின்றன. பேராதனைப் பூங்கா, ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம், தலதா மாளிகையும் ஏரிக்கரையும். இதுதான் என் ஒரு நாள் திட்டம். வேறு ஊர்க்காரர்கள் வேறு கதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கதை வேண்டும்.

முதலில் காலம். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவுப் பயம். ஜூலை, ஓகஸ்ட்டில் கண்டி எசல பெரஹரா ஊர்வலம், ஊரே நிரம்பி வழியும். போயா என்கிற பௌர்ணமி நாளில் மாளிகைக்குப் பக்தர் கூட்டம். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் தோதானது பெப்ரவரியும் மார்ச்சும்தான், அதிலும் வார நாள். மழை இல்லாத மாதம் என்றாலும், புறப்படுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். போகும் வழியில் எந்தப் பிரதேசத்துக்காவது மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே நான் பயணத்தைத் தள்ளிப் போடுவேன். பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும், அடுத்த வாரம் போகலாம்.

அனுமதி வேலையை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். அதிபரிடம் இப்போது நடைமுறையில் இருக்கும் சுற்றறிக்கையைக் கேட்டு, வரி விடாமல் வாசியுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பத்தோடு பயணத்தின் நோக்கம், நேர அட்டவணை, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், கூடப் போகும் ஆசிரியர்கள், பஸ் விபரம், பெற்றோரின் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொடுத்தால் திரும்பி வராது. நோக்கம் என்ற இடத்தில் ‘அறிவைப் பெருக்குதல்’ என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். எந்தத் தரம், எந்தப் பாடம், எந்த அலகு என்று எழுதினால் கையெழுத்திடுபவருக்கும் மரியாதை, உங்களுக்கும் தெளிவு.

அடுத்தது காசு. இதில்தான் நிதானம் அதிகம் வேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்போம். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு இரண்டு பேர் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நான் எனக்கு வைத்திருக்கும் எல்லை. பஸ் வாடகை, நுழைவுச் சீட்டு, சாப்பாடு, அவசரத்துக்குக் கைக்காவலாகக் கொஞ்சம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் குறைக்க வேண்டியது இடத்தைத்தான், பிள்ளையை அல்ல. காசை ஒரே தடவையில் கேட்பதில்லை. மூன்று மாதம், ஒவ்வொரு மாதமும் சம்பளம் போட்ட மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாக. நுழைவுச் சீட்டுக்கு அதிபரின் கடிதத்தைக் கொண்டுபோங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கான கட்டணம் கேட்க அது வேண்டும்.

சில வருடத்துக்கு முன் எட்டாம் தரத்தில் ஒரு பிள்ளை. பெயர் கொடுக்கச் சொன்னபோது, “நான் வரல டீச்சர், எனக்கு பஸ்ல வாந்தி வரும்” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அவள் தினமும் இரண்டு கட்டைத் தூரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். அன்று சாயந்தரம் அவர்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனேன். அம்மா மட்டும்தான் வேலை, அப்பா படுத்த படுக்கை. அந்தப் பிள்ளை வீட்டில் சுற்றுலா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யார் காசு கட்டினார்கள் என்று கரும்பலகையில் எழுதுவதில்லை, சத்தமாக வாசிப்பதும் இல்லை. ஒவ்வொருவரும் மூடிய உறையில் கொண்டுவந்து என் மேசையில் வைக்க வேண்டும். உறைக்குள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெறும் உறையும் வரும், அதையும் அதே முகத்தோடு வாங்கி வைப்பேன். குறைகிற தொகைக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நாற்பது பேரில் ஆறு, ஏழு இருக்கைக்கு இப்படி வழி செய்ய வேண்டி வரும் என்று முதலிலேயே கணக்கில் போடுங்கள். வாந்தி, தலைவலி, வீட்டில் விசேஷம் என்று எந்தக் காரணம் வந்தாலும் ஒரு தடவை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

பஸ் விஷயத்தில் வாய்ப் பேச்சை நம்பவே வேண்டாம். ஒரு வருடம் நல்ல பஸ்ஸைக் காட்டி முன்பணம் வாங்கினார்கள். விடியற்காலையில் வந்து நின்றதோ வேறு பஸ். டோர்ச் அடித்துப் பார்த்தேன், பின் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கினிகத்தேனை வளைவுகளில் அதில் பிள்ளைகளை ஏற்ற மனம் ஒப்பவில்லை. சோற்றுப் பொதியோடு நாற்பது பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம், இரண்டு வாரம் கழித்துத்தான் போனோம். இப்போது பஸ்ஸின் இலக்கத்தையே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். ஒரு வாரத்துக்கு முன்பு பஸ்ஸைப் பாடசாலைக்கு வரவழைத்து டயர், பிரேக், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். பெற்றோரில் ஒருவர் மெக்கானிக்காக இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். முதல் நாள் இரவு வேறு ஓட்டம் போகாத சாரதிதான் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். தூக்கம் இல்லாத சாரதிக்கு நல்ல டயர் இருந்தும் பயனில்லை.

சாப்பாட்டுக்குப் புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும்தான். மதியம் வரை கெடாது. மாளிகைக்குப் போகிற நாள், அதனால் மரக்கறி மட்டும். அம்மாமார் நாலைந்து பேர் விடியற்காலை இரண்டு மணிக்குப் பாடசாலையில் அடுப்பு மூட்டுவார்கள். வாழையிலையில் கட்டினால் குப்பையும் குறைவு. காலைக்கு ரொட்டியும் சம்பலும் அவரவர் வீட்டிலிருந்து. பால் தேநீர் குடித்துவிட்டு ஏறினால் கொட்டகலை தாண்டுமுன் வாந்திதான். வெறும் சாயம் போதும். இஞ்சித் துண்டு, தேசிக்காய், பழைய பேப்பர், பை எல்லாம் முன் இருக்கையில் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்காக ஒரு டீச்சரின் பையில் நாப்கின் பாக்கெட்டும் ஒரு மாற்றுச் சட்டையும் வையுங்கள். எந்த டீச்சரிடம் இருக்கிறது என்று முதல் நாளே காதோடு சொல்லிவிட்டால் பிள்ளைகள் பயமில்லாமல் வருவார்கள்.

உடை, பாடசாலைச் சீருடை. வெள்ளைச் சீருடை தலதா மாளிகைக்குப் பொருத்தமாக இருக்கும், கூட்டத்தில் கண்டுபிடிக்கவும் லேசு, ‘எனக்கு நல்ல சட்டை இல்லை’ என்ற கவலையும் யாருக்கும் வராது.

நாற்பது பிள்ளைகளை ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். நாங்கள் ஆறுகளின் பெயரை வைப்போம், மகாவலி, களனி, வளவை, களு என்று. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவத் தலைவர், ஒரு பெரியவர். பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எண் சொல்ல வேண்டும். தலையை எண்ணுவதைவிட இது நல்லது, ஏனென்றால் எந்த எண் வரவில்லை என்று உடனே தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் இரண்டு ஆசிரியர்களின் தொலைபேசி எண் எழுதிய துண்டு. சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும்.

போவதற்கு முதல் வாரம் வகுப்பில் இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். நான் ஒரே ஒரு தாள் கொடுப்பேன், அதில் நாலே கேள்வி. புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாத கேள்வியாக, அந்த இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே விடை கிடைப்பதாக இருக்கும். பலகையில் எழுதியிருப்பதைப் பிரதி பண்ணுகிற வேலை வேண்டாம், பிள்ளையின் தலை குனிந்தே போய்விடும். எனக்குப் பிடித்த கேள்வி இது: ‘தலவாக்கலையில் நீ பார்க்கும் தண்ணீரைப் பேராதனையில் எங்கே மறுபடி பார்ப்பாய்?’ எங்கள் ஊரைக் கடந்து ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. அந்த மகாவலிதான் பேராதனைப் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கடலில் சேரும், நாட்டிலேயே நீளமான ஆறு. பூங்காவின் தொங்கு பாலத்தில் நின்று, “டீச்சர், இது நம்ம ஊர் தண்ணியா?” என்று ஒரு பிள்ளை கேட்கும்போது அந்தத் தாள் போட்ட பிரயோசனம் கிடைத்துவிடும்.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக எட்டரை மணிக்குப் பேராதனை. நாவலப்பிட்டியில் ஒரு நிறுத்தம், கழிவறைக்கும் கை கால் நீட்டவும். போகும்போது பாட்டு போடட்டும், ஆனால் கம்பளை வரும்போது நிறுத்தச் சொல்லுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியவில்தான் 1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தேயிலைக்கு முன்னால் கோப்பி. அந்தக் கோப்பிக்காகத்தான் நம் மூதாதையர் தமிழகத்திலிருந்து முதலில் வந்தார்கள். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

பூங்காவை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்த பிள்ளைகளுக்கு ஓட இடம் வேண்டும். 147 ஏக்கர் இருக்கிறது. நடுப் புல்வெளியில் ஜாவா அத்தி மரம் குடை மாதிரி படர்ந்து நிற்கும், அங்கே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் வாசலுக்குப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டம். சாதிக்காய், கராம்பு, கறுவா எல்லாம் வீட்டில் டப்பாவில் பார்த்ததுதான், மரமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இரட்டைத் தேங்காய் மரத்தையும் காட்டுங்கள், உலகத்திலேயே பெரிய விதை அதற்குத்தான். இவ்வளவு போதும். எல்லா மூலைக்கும் போக வேண்டாம். குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள்.

மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது இதுதான். 1824இல் சீனாவிலிருந்து தேயிலைச் செடியைக் கொண்டுவந்து இந்தப் பூங்காவில் நட்டார்கள். அன்று அது விற்பதற்கான பயிர் அல்ல. 43 வருடம் கழித்து, 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து, தோட்டம் தோட்டமாகக் கோப்பி அழிய, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு பூஞ்சை நோய் நம் தாத்தா பாட்டியின் கையிலிருந்த வேலையையே மாற்றிவிட்டது என்று சொன்னால் விஞ்ஞானப் பாடமும் சேர்ந்துவிடும்.

பதினொரு மணிக்கு ஹந்தானை. 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அருங்காட்சியகமாக்கி 2001இல் திறந்தார்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே போன் பண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள், தமிழில் விளக்க யாராவது இருப்பார்களா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே படித்துக்கொண்டு போங்கள். கீழே பழைய இயந்திரங்கள், மேலே டெய்லர் சம்பந்தப்பட்ட பொருட்கள்.

போன வருடம் இங்கே நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் தேயிலை உருட்டும் ரோலருக்கு முன்னால் நின்றுவிட்டான். அதன் பித்தளைத் தட்டில் வளைவு வளைவாக மேடு இருக்கும். அதில் விரலை வைத்து, “இந்த மேடு இல்லாட்டி இலை சும்மா வழுக்கும் டீச்சர், முறுக்காது. எங்கப்பா பெக்டரில ரோலர்லதான் நிக்கிறாரு” என்றான். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஐயா அப்படியே ஒதுங்கி நின்று, “நீயே சொல்லு மகன்” என்றார். வாட்டுவது, உருட்டுவது, சாறு பட்டு நிறம் மாறுவது, காய வைப்பது என்று பத்து நிமிடம் அந்தப் பையன்தான் சொன்னான். நாங்கள் யாருமே குறுக்கே பேசவில்லை. உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். போவதற்கு முன்பே விசாரித்து, அந்த இடத்தில் அவனை முன்னால் விடுங்கள்.

டெய்லர் 1892இல் இறந்தபோது, 24 பேர் கொண்ட இரண்டு குழு மாறி மாறி அவர் உடலை லூல்கந்துரையிலிருந்து கண்டிக்குத் தூக்கி வந்து மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள் என்று சொல்வார்கள். கல்லறையில் டெய்லர் பெயர் இருக்கிறது. தூக்கியவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டாம், கேட்டுவிட்டு விடுங்கள்.

சாப்பாடு முடித்து இரண்டு மணிபோலத் தலதா மாளிகை. காலை ஒன்பதரை, மாலை ஆறரைப் பூஜை நேரங்களில் கூட்டம் அதிகம், நடுப்பகலுக்குப் பின் ஆறுதலாகப் பார்க்கலாம். 1998 குண்டுவெடிப்புக்குப் பின் சோதனை கடுமை. பைகளைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுக் கைவீசிப் போனால் வரிசை சீக்கிரம் நகரும். சப்பாத்தைக் கழற்றி, நாடாவை ஜோடியாக முடிச்சுப் போட்டு, குழுவுக்கு ஒரு சாக்கு. இதைச் செய்யாமல் ஒரு தடவை அரை மணி நேரம் சப்பாத்துத் தேடினோம். உள்ளே மெதுவாகப் பேச வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. மற்றவர் வணங்கும் இடத்தில் நம் கோயிலில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பஸ்ஸை ஏரிக்கரையில் நிறுத்துவது கஷ்டம், இறக்கிவிட்டுக் குறித்த நேரத்துக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

வரலாறு சொல்ல நல்ல இடம் அரச சபை மண்டபம், அந்த மரத்தூண்களுக்கு நடுவில். கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2இல் வாசிக்கப்பட்டது இங்கேதான். அதில் கையெழுத்துப் போட்ட கண்டித் தலைவர்களில் சிலர் தமிழ் எழுத்தில் போட்டார்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழி வந்தவன். முன்னால் கிடக்கிற ஏரியை வெட்டியது அவன்தான். பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். ஒரு பக்கம் இந்தியாவிலிருந்து வந்த அரச வம்சம் கப்பலேறிப் போகிறது, சில வருடத்தில் இன்னொரு பக்கம் கூலிக்கு நம்மவர்கள் வந்து இறங்குகிறார்கள். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்கலாம்.

மூன்றரைக்குப் பஸ் கிளம்பியாக வேண்டும். நகரத்து நெரிசலில் அரை மணி நேரம் போகும். திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும், லயங்களுக்கு நடந்து போகும் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோர் சந்தியில் நிற்க வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். கடைசிப் பிள்ளை போகும் வரை ஒரு ஆசிரியர் அங்கே நிற்க வேண்டும். மறுவாரம் வரவு செலவை ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மிச்சம் ஐந்து ரூபாய் என்றாலும் எழுதுங்கள். அடுத்த வருடம் காசு கேட்கும்போது அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

வந்த பின் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், நம் குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வா. முதலில் சொன்னேனே, வாந்தி வரும் என்ற பிள்ளை, அவள் பாட்டி சொன்னதை இரண்டு பக்கம் எழுதி வந்தாள். “எங்க தாத்தா மண்டபம் முகாம்ல ஒரு வாரம் இருந்து, தலைமன்னார்ல கப்பல் எறங்கி ரயில்ல வந்தவரு. அவருக்கு முந்தி வந்தவங்கதான் மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தாங்களாம்” என்று இருந்தது. மண்டபம் முகாம் என்பது இலங்கைக்கு வரும் தொழிலாளரை இந்தியக் கரையில் தங்க வைத்த இடம். 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்களே, அந்த வழியைத்தான் பாட்டி சொல்லியிருக்கிறார். அதனால் அடுத்த வருட விண்ணப்பத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் முன் இருக்கை ஒன்று அந்தப் பாட்டிக்கு.